வால்வுக்காரருக்கு ஒரு நன்றியுரை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பயணம்

குற்றாலம் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்: "போகிற வழியில்தானே ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இருக்கின்றன, அங்கே இறங்கவே இல்லையா?" இறங்கியிருக்கிறேன். ஒரே ஒரு முறை, 1995 மே மாதத்தில். அதற்குப் பிறகு அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போகிறவர்களுக்கு உதவும் விவரங்களும் இதில் உண்டு. ஆனால் சந்தோஷமான கட்டுரை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது கரூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து நான்கு. தாராளமயம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அரசாங்கம் எதிலிருந்தெல்லாம் கையை எடுக்கிறதோ அதெல்லாம் உருப்படும் என்று நம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிந்தனை வட்டம் நடத்திவந்தார்கள். 'உள்ளாட்சியும் தனிமனித சுதந்திரமும்' என்று இரண்டு நாள் கருத்தரங்கு வைத்திருக்கிறோம், வந்து கட்டுரை வாசியுங்கள் என்று எழுதினார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் ஊராட்சி, பேரூராட்சி எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. தலைப்பு சூடானதுதான். பஸ் செலவும் சாப்பாடும் தருவார்கள். 'குடிநீருக்கு விலை' என்று நான் ஒரு கட்டுரை தயார் செய்துகொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கரூரில் ஏறி மதுரை வந்து, பழங்காநத்தத்தில் பஸ் மாறினேன். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக இரண்டேகால் மணி நேரம் ஆனது. கல்லுப்பட்டி தாண்டியதும் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் பார்க்க நன்றாக இருக்குமாம். நான் பார்த்தபோது கண்மாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன, அதில் ஆட்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது மணி ஒன்று. இது நான் செய்த முட்டாள்தனம், நீங்கள் செய்யாதீர்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கோபுரத்தை வெளியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் ஐம்பது வயது இருப்பார்.

"பன்னெண்டரைக்கே சாத்தியாச்சுல்லா. செத்த நேரம் உக்காருங்க, நாலு மணிக்குத் தொறப்பாவ. எந்தூரு சார்?"

கரூர் என்றேன். கருத்தரங்கு என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். தண்ணீர், பஞ்சாயத்து, அரசு நிர்வாகம் என்று சொன்னேன்.

"தண்ணியப் பத்தியா? பேசுங்க, பேசுங்க. பேசுனா தொண்ட காயும்லா, அதுக்காச்சும் ஒங்களுக்குத் தண்ணி வச்சிருப்பாவ" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. எதிர்ச் சந்தில் தெருக்குழாய்க்கு முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்கள் மட்டும்தான் நின்றன, ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் எதுவும் வரவில்லை.

பால்கோவா வாங்குகிறவர்கள் கோயிலைச் சுற்றியிருக்கிற கடைகளில் கொஞ்சம் கேட்டு வாங்கி, வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் கால் கிலோ வாங்கினேன். நாலு மணிக்குக் கோயில், பிறகு ராஜபாளையம் பஸ். பதினொரு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம். பஸ் அடிக்கடி உண்டு, நின்றுகொண்டு போகத் தயாராக இருக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். அறை வாடகை அறுபது ரூபாய். ஒரு வாளித் தண்ணீர்தான் தருவோம் என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மெஸ். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசும் ராஜு சமூகத்துக்காரர், வாசலில் நின்று "ரண்டி சார், கூச்சோண்டி" என்று தெலுங்கில் கூப்பிட்டு உட்கார வைத்து, தமிழில் என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது. மில் சங்கு ஊதியதும் மெஸ் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை கருத்தரங்கு ஆரம்பித்தது. ஒரு திருமண மண்டபத்தின் மாடி. அறுபது பேர் இருப்போம். சிந்தனை வட்டத்தின் தலைவர் பேராசிரியர் சுந்தரேசன். அரசியல் பாடம் நடத்துகிறவர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஒரு வரியைப் பேசுவதற்கு முன்னால் அந்த வரி நியாயமானதா என்று யோசிக்கிற ஆள். அவரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று, இன்றைக்கும் பிடிக்கும். செயலாளர் ராமசுப்பு வரலாற்று ஆசிரியர். குரல் வளம் உள்ளவர். கூட்டம் நடத்துவதற்கென்றே பிறந்தவர் என்று பேர்.

காலை அமர்வு முழுக்கச் சட்டத்தின் ஆட்சி பற்றி. ஆட்களின் விருப்பத்தால் நடக்கிற நிர்வாகத்துக்கும் விதிகளால் நடக்கிற நிர்வாகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினார்கள். நானும் எழுந்து, விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் சுதந்திரம் என்று முழங்கினேன். கைதட்டினார்கள். வந்திருந்த ஒரு வக்கீல், நம் மக்கள் பொதுப் பிரச்சினையில் வாயைத் திறப்பதில்லை, விழிப்புணர்வு போதாது என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பதினோரு மணிக்கு சுந்தரேசன் தன் ஆய்வை வாசித்தார். பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் ஒரு வருடமாகப் போய்வந்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள் என்று பார்த்து எழுதியிருந்தார். கடைத்தெருவுக்கும் வசதியான வீடுகளுக்கும் தினமும் தண்ணீர். கடைசியில் இருக்கும் காலனிக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம். யார் சொன்னது என்ற இடத்தில் 'ஓர் ஊழியர்' என்று மட்டும் இருந்தது. ஊரின் பெயர்கூட இல்லை. பெயர் சொன்னால்தானே சரிபார்க்க முடியும் என்று ஒருவர் கேட்டார். "சரிபார்க்கிறதைவிட அவர் வேலை முக்கியம்" என்று சுந்தரேசன் சொல்லி உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் எங்களில் எட்டுப் பேரை ஒரு வேனில் அந்த ஊருக்கு அழைத்துப் போனார்கள். நான், சுந்தரேசன், ராமசுப்பு, இன்னும் சிலர். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே, ஆய்வில் 'ஓர் ஊழியர்' என்று மட்டும் வந்த வால்வுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவரை இங்கே சாமுவேல் என்று சொல்கிறேன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பேரூராட்சியில் தினக்கூலி. நியமன ஆணை எதுவும் கிடையாது, நாளைக்கு வா என்று சொல்லும்வரைதான் வேலை. அவர் வேலை இதுதான்: தெருவில் ஆங்காங்கே குழிக்குள் வால்வு இருக்கும். மேல்மூடியைத் தூக்கிவிட்டு, நீளமான இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருகித் திறப்பார். நேரம் முடிந்ததும் திருகி மூடுவார். பிறகு சைக்கிளில் சாவியைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்.

சாமுவேல் குடியிருப்பதும் அந்தக் காலனியில்தான். சுந்தரேசனோடு நன்றாகப் பழகியிருந்தார். நாங்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள் என்று நினைத்து எங்களிடமும் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"அரைமணிக்கூறு விட்டா எம்புட்டு சார் வரும்? மொத பத்து நிமிசம் காத்துதான் வரும். அறுவது வீடு இருக்கு. அதனால முழுசா மூட மாட்டேன். மூடுனமாதிரி மூடிட்டு, நாலு சுத்து விட்டுட்டு வந்துருவேன். நூலு மாதிரி வந்துக்கிட்டே இருக்கும். மத்தியானம் வரைக்கும் வீட்டுக்கு ரெண்டு கொடம் கூடப் புடிச்சிக்கிடுவாவ."

"ஆபீஸ்ல தெரியாதா?" என்று நான் கேட்டேன்.

"தெரிஞ்சா சாவியப் புடுங்கிருவாவ சார். மேல நின்னு பாத்தா மூடுனமாதிரிதான் இருக்கும். குழிக்குள்ள யாரு எறங்கிப் பாக்கா?"

சுந்தரேசன் எங்களைப் பார்த்து, "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ராமசுப்புவும் ஆட்டினார். திரும்பும்போது வேனில் ராமசுப்புதான் அதிகம் நெகிழ்ந்துபோய்ப் பேசினார். நாம் காலையிலிருந்து தனிமனித மனசாட்சி என்று பேசுகிறோமே, அது இதுதான் ஐயா, என்றார். கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை.

இந்த இடத்தில் நன்றியுரை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நம் ஊர்க் கூட்டங்களில் தலைமையுரை, சிறப்புரையில் தூங்கிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது வம்சப் பகை. கல்யாணத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிற அளவுக்குப் போகும். ராமசுப்பு அதற்கு முந்தைய வருடம் மைக்செட் போட்டவரின் பெயரை விட்டுவிட்டாராம். அந்த மனிதர் அதற்குப் பிறகு சிந்தனை வட்டத்தின் கூட்டம் என்றால் வாடகைக்குக்கூட வருவதில்லை. அன்றிலிருந்து ஒருவர் பெயரும் விடுவதில்லை என்று ராமசுப்பு முடிவெடுத்திருந்தார். கையில் காகிதம் வைத்துக்கொள்ளாமல், சமையல்காரரில் தொடங்கி ஐம்பது பெயரானாலும் மனப்பாடமாகச் சொல்வார் என்று அவருக்கு அந்தப் பக்கம் ஒரு புகழே இருந்தது.

ஞாயிறு மதியம் நிறைவு விழா. மேடையில் இரண்டு மூன்று பெரிய மனிதர்கள். அவர்களில் அந்தப் பேரூராட்சியின் செயல் அலுவலரும் ஒருவர். அவரைக் கூப்பிட்டது சுந்தரேசன்தான். நிர்வாகத்தில் இருப்பவர்களும் விவாதத்துக்கு வர வேண்டும், அவர்களை எதிரியாகப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. செயல் அலுவலர் பண்பாகப் பேசினார். குறைகள் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம் என்றார். சாமுவேலும் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டதும் சுந்தரேசன்தான், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று. தேவாலயத்தில் ஆராதனை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையில் வந்து, மனைவி எஸ்தருடன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எஸ்தரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ராமசுப்பு நன்றி சொல்ல எழுந்தார். சமையல்காரர், மண்டபத்து மேலாளர், மைக்செட், பந்தல், வேன் ஓட்டியவர், டீ கொடுத்தவர் என்று ஒவ்வொருவராக வந்தார். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நின்று கும்பிட வேண்டும், கூட்டம் கைதட்டும். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நினைப்பில் இருந்தேன்.

"இறுதியாக, எங்கள் தலைவருடைய ஆய்வில் பெயர் இடம்பெறாத ஒரு மனிதர். ஆய்வில்தான் இடமில்லை, நம் நன்றியிலும் இடமில்லாமல் போகலாமா?" என்று அவர் சொன்னதும் சுந்தரேசன் மேடையில் நிமிர்ந்தார். "தன் சொந்தத் தெரு என்பதற்காக அல்ல, நியாயம் என்பதற்காக, அடைக்கச் சொன்ன வால்வை முழுதும் அடைக்காமல் நான்கு சுற்று விட்டுவைத்து, அறுபது குடும்பங்களின் தாகம் தீர்க்கிறாரே, அவர்தான் தனிமனித மனசாட்சி. சகோதரர் சாமுவேல் அவர்களுக்கு நம் நன்றி."

கூட்டம் பலமாகக் கைதட்டியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாமுவேல் எழுந்து நின்றார். பெயர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா, நின்றார். கும்பிட்டார். அந்த முகத்தில் பயம் இல்லை, கூச்சமும் கொஞ்சம் சந்தோஷமும்தான் இருந்தன. அவர் பெயரை மைக்கில் யாரும் அதற்கு முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்திலிருந்த எஸ்தர் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். எஸ்தருக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் புரிந்துவிட்டது. மேடையில் செயல் அலுவலர் கைதட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் இரண்டு மூன்று தடவை தட்டினார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

சுந்தரேசன் மேடையை விட்டு இறங்கியதும் ராமசுப்புவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "நான் பாராட்டித்தானே சார் பேசினேன்" என்று ராமசுப்பு சொன்னது மட்டும் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியில் செயல் அலுவலர் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். சாமுவேலும் எஸ்தரும் பந்திக்கு வரவில்லை.

திங்கள்கிழமை எனக்கு அய்யனார் கோயில் அருவிக்குப் போகத் திட்டம். ஊரிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர், ஆட்டோவில் போய்வரப் பேசி வைத்திருந்தேன். ஏழரை மணிக்கு ஆட்டோவுக்குப் பதிலாக சுந்தரேசன் வந்தார். முகச்சவரம்கூடச் செய்யவில்லை. காலையில் சாவி வாங்கப் போன சாமுவேலிடம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் அங்கிருந்து நேராக சைக்கிளை மிதித்து சுந்தரேசன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். நீங்களும் வேனில் இருந்தீர்களே, கூட வாருங்கள், எனக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை என்றார் சுந்தரேசன். போனேன்.

முதலில் பேரூராட்சி அலுவலகம். செயல் அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். டீ சொன்னார்.

"யாரையும் வேலை நீக்கம் செய்யலை சார். தினக்கூலிதானே, வேலை இருந்தா கூப்பிடுவோம், இல்லாட்டி இல்லை. அதுக்கு ஆர்டர் எல்லாம் எங்கே இருக்கு?"

"அந்த மக்களுக்குத் தண்ணீர் போதவில்லை என்பதுதானே சார் விஷயம்" என்றார் சுந்தரேசன்.

"சார், நீங்க படிச்சவங்க. ரெண்டு நாளா விதிப்படி நிர்வாகம் நடக்கணும், ஆளோட இஷ்டப்படி நடக்கக் கூடாதுன்னு நீங்கதானே பேசினீங்க? விதியை மீறித் தன் சொந்தத் தெருவுக்குத் தண்ணி விட்டவனை நான் எப்படி வச்சிக்கிட முடியும்? நீங்களே சொல்லுங்க."

  சனிக்கிழமை நாங்கள் பேசியதை அவர் கொஞ்சம்கூடத் திரிக்காமல் அப்படியே எடுத்து வைத்திருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் தர்க்கப்பிழை எதுவும் இல்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தோம். அந்த அளவு வீரம்தான் எங்களிடம் இருந்தது.

காலனி அங்கிருந்து கால் மணி நேர நடை. அன்று அவர்களுடைய முறை. நாங்கள் போவதற்கு முன்னாலேயே புது ஆள் வந்து திறந்து, அரை மணி நேரம் முடிந்ததும் மூடிவிட்டுப் போயிருந்தார். குழாயடியில் பாதிக் குடங்கள் காலியாக இருந்தன. சாமுவேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதான ஒரு பெண் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே சாமுவேலு, ஒன்ன யாருலே மீட்டிங்குக்குப் போவச் சொன்னது? வாயக் கட்டிக்கிட்டு இருந்தா ரெண்டு கொடம் கூட வந்துக்கிட்டு இருந்திருக்கும். அதையும் கெடுத்துட்டு வந்து நிக்க."

"நான் எதுவும் பேசலத்தா. கடைசிலதான் உக்காந்திருந்தேன்" என்றார் சாமுவேல்.

"பேசாமத்தான் ஒன்னக் கையெடுத்துக் கும்புட்டாவளாக்கும்."

எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் பேச்சை நிறுத்திக்கொண்டார். மற்றவர்களும் குடங்களை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சாமுவேல் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டார். ஒற்றை அறை. பாயில் உட்கார்ந்தோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம், எஸ்தர் செம்பை எடுத்தார். குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். செம்பைத் திரும்ப வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தார்.

சுந்தரேசன் கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றார். நடந்ததை எல்லாம் விளக்கி, சாமுவேலுக்கு வேலை திரும்பக் கிடைக்கவும் காலனிக்கு நியாயமான நேரம் தண்ணீர் விடவும் கேட்கலாம் என்றார்.

"அதுலயும் எம்பேரு வருமா சார்?" என்று சாமுவேல் கேட்டார்.

"பேர் இல்லாவிட்டால் மொட்டைப் பெட்டிசன் ஆகிவிடும். குப்பையில் போட்டுவிடுவார்கள்."

"பேரு போட்டா பக்கத்து ஊருலயும் சாவி தரமாட்டாவ சார். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். எனக்காவ எழுத வேண்டாம்."

"அப்படியானால் காலனிக்காக மட்டும் எழுதுகிறேன். என் பெயரில் எழுதுகிறேன். உங்கள் பெயர் ஒரு இடத்திலும் வராது" என்றார் சுந்தரேசன்.  சாமுவேல் பாயின் ஓரத்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போதுதான் எஸ்தர் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "சார், நீங்க கெட்ட மனுசர் இல்ல. அந்த மைக்குல பேசுன சாரும் இல்ல. கெட்டவியகிட்ட இவிய வாயத் தொறக்கவே மாட்டாவ. நல்லவியன்னுதான் சொன்னாவ. இனிமே நல்லவிய யாரும் வந்து கேட்டா, நாங்க என்ன சார் செய்ய?"

  பஸ்ஸுக்கு நடந்து வரும்போது சுந்தரேசன் ஒரு மரத்தடியில் நின்று அழுதார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் நடுரோட்டில் அழும்போது பக்கத்தில் நிற்பவன் என்ன செய்வது? நான் அவர் பையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். மதியப் பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிட்டேன். பால்கோவா லாட்ஜிலேயே கிடந்துபோனது.

அந்த வருடமே சாமுவேல் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்று சுந்தரேசன் எழுதியிருந்தார். பனியன் கம்பெனியில் வேலையாம். முகவரி தெரியவில்லை, கேட்டாலும் தருகிறவர்கள் இல்லை. சிந்தனை வட்டம் இன்னும் ஒன்றிரண்டு கூட்டம் நடத்திவிட்டு நின்றுபோயிற்று. ராமசுப்புவை நான் பிறகு ஒரு தடவை மதுரையில் பார்த்தேன். அப்போதும் அதையேதான் சொன்னார், பாராட்டித்தானே பேசினேன் என்று. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நல்லது நினைத்து நாசம் பண்ணுகிறவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

இனி போகிறவர்களுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலை பதினோரு மணிக்குள் போய்ச் சேருங்கள், இல்லை நாலுக்கு மேல் போங்கள். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் அரை நாள் போதும். தங்குவதற்கு ராஜபாளையம்தான் வசதி. அய்யனார் கோயில் அருவியில் மழைக்குப் பிறகுதான் தண்ணீர் இருக்கும், கோடையில் போய் ஏமாறாதீர்கள். மம்சாபுரம், வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம் பக்கமெல்லாம் சின்ன பஸ்களில் ஏறி இறங்கினால் மலையடிவாரம் முழுவதையும் பார்த்துவிடலாம். செலவும் அதிகம் இல்லை. நான் சொன்ன அறை வாடகை, பயண நேரம் எல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு, பேட்டி என்று போகிற இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. டீக்கடையில் நீங்கள் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டால், இந்த மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த வக்கீல் சொன்னதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். வாயைத் திறந்தவருக்கு என்ன ஆயிற்று என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், நமக்குத்தான் தெரியாது. யாராவது நம்பிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் நன்றி சொல்லாதீர்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சுந்தரேசன் கலெக்டருக்கு எழுதினாரே, அது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தன் பெயரில்தான் எழுதினார், சாமுவேல் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார். காலனிக்கு மற்ற தெருக்களைப் போலவே தண்ணீர் விட வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. அதன் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார். மனுவின் பேரில் விசாரணை நடத்தப்பட்டது என்றும், தற்காலிகப் பணியாளர் ஒருவர் விதிக்கு மாறாகத் தாம் குடியிருந்த காலனிக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுவந்தது தெரியவந்தது என்றும், அந்தக் குறை உடனடியாகச் சரிசெய்யப்பட்டு, தற்போது அந்த வால்வு ஒவ்வொரு முறையும் முழுமையாக மூடப்படுகிறது என்றும் எழுதியிருந்தார்கள்.